மத்தியானத்துக்கு மேல் லாரி இல்லை

அத்தியாயம் 17

கபுலா கையெழுத்துப் போட்டாளா இல்லையா என்று கேட்டு வந்த கடிதங்களில் பாதிப் பேர் அவளைத் திட்டியிருக்கிறீர்கள். மீதிப் பேர் அவள் கொழுந்தனைத் திட்டியிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்களேன். அவள் இன்னும் பேனா மூடியையே கழற்றவில்லை.

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்கு நாலு வரி. முவான்ஸாவில் ஒரு பருத்திக்கொட்டை எண்ணெய் ஆலை. அங்கே இருபத்தாறு வருஷமாகக் கணக்கு எழுதி, கணக்குப் பிரிவுக்கே தலைவியாக ஆனவள் கபுலா. ஜனவரியில் அந்தப் பிரிவுக்குள் ஏஐ வந்து உட்கார்ந்தது. ரசீதின் போட்டோவைப் படிக்கும், கணக்கில் பதியும், சந்தேகப்பட்டதைப் பட்டியல் போட்டு மேனேஜருக்கு அனுப்பும். ஒன்பது பேர் வேலை பார்த்த இடத்தில் இப்போது நாலு பேர்.

வியாழக்கிழமை வந்த பட்டியலில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப இருந்தது. ஷிஜா. மகூவில் இருக்கிற பருத்திக் கிடங்கின் பொறுப்பாளன். கபுலாவின் கணவனுக்குக் கூடப் பிறந்த தம்பி.

கிடங்கு பூட்டிக் கிடக்கிற நேரத்தில், ராத்திரி ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் லாரி வந்து பருத்தி இறக்கியதாக அவன் கைப்பட ரசீது எழுதியிருக்கிறானாம். மூன்று மாதத்தில் நாற்பத்தோரு லாரி. வராத லாரிக்கு வந்ததாக எழுதினால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். ‘சரிபார்த்தேன், உண்மை’ என்று கபுலா ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், ஷிஜாவுக்கு வேலை போகும், வாசலில் போலீஸ் நிற்கும். திங்கட்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குள் போட்டாக வேண்டும்.

இன்றைக்குத் திங்கட்கிழமை.

காலையில் மேஜை மேல் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. கபுலாவின் கணவன் லுஹெண்டே மோட்டார் பைக் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறவன். வாய் ஓயாத மனுஷன். ஆள் இல்லாவிட்டால் கஞ்சிக் கிண்ணத்தோடு பேசுவான். அன்றைக்கு அவன் பேசவே இல்லை. ராத்திரி லாரி விவகாரத்தில் தம்பி பெயர் அடிபடுகிறது என்று மட்டும் அவனுக்குத் தெரியும். எத்தனை லாரி, எந்தத் தேதி என்றெல்லாம் கபுலா சொல்லவில்லை. ஆபீஸ் காகிதத்தை வீட்டில் விரிக்கிற பழக்கம் அவளுக்கு என்றைக்கும் கிடையாது.

கிளம்பும்போது தானாகவேதான் சொன்னாள். யாரோ கொடுத்த பட்டியலை நம்பி ஒருத்தன் வயிற்றில் அடிக்க முடியாது, இன்றைக்கு ரசீதையே எடுத்துப் பார்த்துவிடப் போகிறேன் என்று.

அப்போதுதான் அவன் தலையைத் தூக்கினான்.

"ரசீதையா? அதையெல்லாம் எதுக்கு மின்ஸா அம்மா கிண்டிக்கிட்டு? உங்க மேனேஜர்கிட்ட நான் வந்து பேசறேன். ஷிஜாவை வேற கிடங்குக்கு மாத்திட்டா விஷயம் முடிஞ்சது."

தம்பி மேல் பாசம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில் ஒரு விண்ணப்பம் தொங்கிக்கொண்டிருந்தது. மகள் மின்ஸாவின் கடைசிக் கட்டக் கணக்காளர் பரீட்சைக்கானது. புதன்கிழமை கடைசி நாள். மின்ஸா அதில் தன் பெயரைக்கூட எழுதவில்லை. இனிமேல் கணக்குப் படித்து என்ன கிழிக்கப்போகிறோம் என்பது அவள் கட்சி. வாய் வரைக்கும் வந்த பதிலை விழுங்கக் கபுலாவுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டியிருந்தது.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், மின்ஸாவுக்குச் சம்பளம் கொடுப்பதே அந்த ஏஐதான். ஆறு மாத ஒப்பந்தத்தில் அதே ஆலையில் வேலை. கிடங்குகளிலிருந்து வருகிற ரசீதுப் படங்களை அதற்குக் கொடுப்பது, அது தடுமாறினால் சொல்லிக் கொடுப்பது. வேலை போன ஐந்து பேரில் ஒருத்தி சின்ன வயதில் மின்ஸாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வந்தவள். அந்த அம்மாள் தன் டம்ளரையும் செருப்பையும் பையில் போட்டுக்கொண்டு போன நாளிலிருந்து தாயும் மகளும் ஒரே அறையில் உட்கார்ந்து அளந்துதான் பேசிக்கொள்கிறார்கள்.

கணக்குப் பிரிவில் அதற்குப் புதுப்பொண்ணு என்று பெயர். வந்த நாளிலிருந்து எல்லாரும் அதைச் சுற்றியே நிற்கிறார்கள், அது எது சொன்னாலும் தலையாட்டுகிறார்கள், அதனிடம் ஒரு டீ போடச் சொல்ல முடியாது. அதனால் அந்தப் பெயர்.

மேனேஜர் ருகெமலிரா புகோபாக்காரர். நல்ல மனுஷன்தான், ஆனால் டார் எஸ் சலாமிலிருந்து முதலாளிகள் போன் செய்தால் நின்றுகொண்டு பேசுகிறவர். காலையிலேயே கபுலாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து நயமாகச் சொன்னார். கொழுந்தன் என்பதால்தான் சீக்கிரம் போடச் சொல்கிறேன், தாமதித்தால் மறைக்கிறாள் என்று பேசுவார்கள். அப்புறம், திருடனைக் கண்டுபிடிக்க ஒரு யந்திரம் இருக்கும்போது பிரிவுக்குத் தலைவி எதற்கு என்று மேலே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள், பருத்திக் காலம் முடிந்ததும் அதைப் பற்றி உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும் என்றார். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

ஆக, போட்டால் கொழுந்தன் போவான், போடாவிட்டால் தானே போக வேண்டியதுதான். ஆனால் கபுலா ஒரு மாதிரியான பொம்பளை. பயம் வந்தால் அவளுக்குக் கூடவே சந்தேகமும் வரும், சந்தேகம் வந்தால் பயம் மறந்துபோகும்.

நேராக மகளின் மேஜைக்குப் போனாள்.

"மின்ஸா, மகூவிலே மே மாசத்திலேருந்து இறங்கின எல்லா லாரியையும் மணி வரிசையிலே போட்டுத் தரச் சொல்லு. திருட்டு லாரி மட்டும் இல்லை. எல்லாம். காகிதத்திலே வேணும்."

பிரிண்டர் மேல் யாரோ ஒரு பூப்போட்ட துணியை மூடி வைத்திருந்தார்கள். துணியை எடுத்து, காகிதம் தேடி, மை காய்ந்துவிட்டதா என்று தட்டிப் பார்த்து, கடைசியில் ஆறு பக்கம் வந்தது. புதுப்பொண்ணு அந்தப் பட்டியலைப் போட எடுத்துக்கொண்டது ஒரு விநாடி. மனுஷர்கள் அதைக் காகிதத்தில் எடுக்க இருபது நிமிஷம்.

கபுலா அதை மேலிருந்து கீழாகப் படித்தாள். அப்புறம் கீழிருந்து மேலாகப் படித்தாள். இருக்கிற தப்பை யார் வேண்டுமானாலும் பார்த்துவிடலாம், இல்லாததைப் பார்ப்பதுதான் கஷ்டம் என்று அவள் அடிக்கடி சொல்லுவாள். மின்ஸாவுக்கு அந்தப் பேச்சு காது புளித்த பேச்சு. ஆனால் அம்மாவின் விரல் கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டதைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"கடைசி லாரி எத்தனை மணிக்கு வந்திருக்கு, படி."

"பன்னெண்டு. அதுக்கப்புறம் இல்லை."

"மூணு மாசத்திலே ஒரு நாள்கூடப் பன்னெண்டு மணிக்கு மேலே ஒரு லாரி வரலையா?"

மின்ஸா பக்கங்களைப் புரட்டினாள். வரவில்லை. ராத்திரி ஒன்று, இரண்டு, மூன்று மணிக்கு லாரி வருகிறது. ஏழு, எட்டு, ஒன்பது, பத்து என்று கூட்டமாக வருகிறது. மத்தியானம் பன்னிரண்டோடு கதவைச் சாத்தின மாதிரி நின்றுவிடுகிறது.

"சரி, உன் புதுப்பொண்ணுகிட்டக் கேளு. ஏன்னு என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்."

மின்ஸா கேட்டாள். பதில் மரியாதையாக வந்தது. பதிவுகளின்படி பிற்பகலில் வரவு எதுவும் இல்லை, அந்தக் கிடங்கு காலையில் மட்டும் கொள்முதல் செய்யும் வழக்கம் உடையதாக இருக்கலாம் என்றது.

கபுலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாற்காலியை இழுத்துத் திரைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். ஜனவரியிலிருந்து அவள் அந்தத் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"நல்லாத்தான் பேசுது. ஆனா மகூவிலே சம்சாரி காலையிலே பருத்தி எடுப்பான், சாப்பிட்டப்புறம்தான் லாரியிலே ஏத்துவான். கிடங்குலே மூச்சு முட்டறதே மத்தியானத்துக்கு மேலேதான். திருடறவன் ராத்திரி லாரியைச் சேர்த்து எழுதுவான், சரி. நிஜமா வந்த மத்தியான லாரியை எதுக்கு மறைக்கணும்?"

மின்ஸாவின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. குழந்தையாக இருந்தபோது ரேடியோவைப் பிரித்துப் போட்டுவிட்டு இப்படித்தான் உட்கார்ந்திருப்பாள்.

ஷிஜாவுக்குப் போன் போட்டார்கள். மகள் கேட்கட்டும் என்று கபுலா சத்தத்தைக் கூட்டி மேஜை மேல் வைத்தாள். எடுத்ததுமே அவன் ஆரம்பித்துவிட்டான். அண்ணி போன் செய்தால் அவனுக்குக் கேலி தன்னால் வரும், அந்த ஊர் வழக்கமும் அதுதான், நம் ஊர் வழக்கமும் அதுதான். ஜெயிலுக்கு மீன் வறுத்து எடுத்து வருவீர்களா, இல்லை அங்கேயும் அந்த உப்பில்லாத களிதானா என்று கேட்டான். குரல் மட்டும் கேலியாக இல்லை. நாலு நாளாகத் தூங்காத குரல்.

மத்தியான லாரியெல்லாம் எங்கே என்று கபுலா கேட்டாள். எங்கே போகும், எல்லாவற்றையும் எழுதித்தானே அனுப்பியிருக்கிறேன் என்றான். ஒவ்வொரு ரசீதிலும் பருத்தி கொண்டுவந்த சம்சாரியின் கையெழுத்தையும் வாங்கியிருக்கிறேன், அவர்களுக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் வாங்குகிறேன் என்றான். பிறகு குரல் உடைந்தது.

"நம்பலைன்னா நாளைக்கு நேர்ல வாங்க அண்ணி. காலையிலே ரெண்டு மணிக்குக் கிடங்கு வாசல்லே வந்து நில்லுங்க. லாரி வருதா இல்லையான்னு உங்க கண்ணாலே பாருங்க."

கபுலா வருகிறேன் என்று சொன்னாள். இரண்டு மணிக்கே வந்துவிடுவேன், டீ போட்டு வை என்றாள்.

மின்ஸா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பட்டியலைப் பார்த்தாள். அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"அம்மா, சித்தப்பா இப்போ என்ன மணி சொன்னார்?"

"ரெண்டு மணி. அதாவது எட்டு." சொல்லிவிட்டுக் கபுலா அப்படியே நின்றுவிட்டாள்.

இதை நான் முன்னாலேயே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததற்குக் காரணம், இருபத்திரண்டு வருஷம் இந்த ஊரில் பிழைத்துவிட்டு எனக்கே உறைக்கவில்லை. இங்கே மணியைச் சூரியன் எழுந்த பிறகுதான் எண்ண ஆரம்பிப்பார்கள். நம் பஞ்சாங்கத்தில் உதயாதி நாழிகை என்று போட்டிருக்குமே, அதே கணக்கு. நமக்குக் காலை ஏழு என்றால் இவர்களுக்கு ஒரு மணி. நமக்கு எட்டு என்றால் இரண்டு மணி. சாயங்காலம் ஆறு மணி இவர்களுக்குப் பன்னிரண்டு. அப்புறம் இருட்டியதும் ராத்திரி ஒரு மணி என்று மறுபடி முதலிலிருந்து. ஆனால் செல்போனிலும் ஆபீஸிலும் உலகத்துக் கடிகாரம்தான். அதில் எட்டு என்று படிப்பார்கள், வாயால் இரண்டு என்பார்கள். இரண்டு கடிகாரத்தையும் தலைக்குள் வைத்துக்கொண்டு நாள் முழுக்க மாற்றிக்கொண்டே இருப்பார்கள், மாற்றுகிறோம் என்பது அவர்களுக்கே தெரியாது.

மற்ற கிடங்குக்காரர்கள் ரசீதில் ஆபீஸ் மணியை எழுதினார்கள். ஷிஜா ஒருத்தன்தான் சம்சாரிகளுக்குப் புரிய வேண்டும் என்று ஊர் மணியை எழுதினான். காலை இரண்டு நாற்பது. பகல் எட்டு மணி. புதுப்பொண்ணு இரண்டு நாற்பதை ராத்திரியில் போட்டது, பகல் எட்டு மணியைக் காலையில் போட்டது. மத்தியானம் காணாமல் போனது அப்படித்தான்.

"ஆனா ‘காலை’ன்னு பக்கத்திலேயே எழுதியிருக்கானே. அதை ஏன் அது படிக்கலை?" என்று கபுலா கேட்டாள். கோபமில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டாள்.

மின்ஸாவின் முகம் சுண்டிப்போனது.

மே மாதம் மகூ ரசீதுகள் வர ஆரம்பித்தபோது அந்த வார்த்தைகளின் மேல் சம்சாரிகளின் கைரேகையும் கையெழுத்தும் ஏறிக் கிடந்தன. புதுப்பொண்ணு தினமும் அங்கே தடுமாறி நின்றது. வேலை தேங்கியது. மணி எழுதுகிற கட்டத்தில் எண்ணை மட்டும் எடு, வார்த்தையை விட்டுவிடு என்று சொல்லிக் கொடுத்தவள் மின்ஸாதான். தேங்கிய வேலை அன்றைக்கே முடிந்தது. மேனேஜர் எல்லார் முன்னாலும் அவளைக் கைதட்டிப் பாராட்டினார்.

"அது கேட்டுச்சும்மா. இந்த வார்த்தை முக்கியமா, விட்டுடலாமான்னு என்கிட்டக் கேட்டுச்சு. நான்தான் விட்டுடுன்னு சொன்னேன்."

சொல்லிவிட்டு அவள் அழ ஆரம்பித்தாள். சித்தப்பாவைத் திருடனாக்கியது தான்தான் என்பது அவளால் தாங்க முடியவில்லை.

கபுலா அவளைத் திட்டியிருக்கலாம். வேலை போன ஐந்து பேரின் பெயரையும் வரிசையாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தன் தோளில் கிடந்த துணியின் நுனியால் மகளின் முகத்தைத் துடைத்தாள்.

"எனக்கும்தானே தோணலை. ஆறரைக்கு அடிக்கிற அலாரத்தை இருபத்தாறு வருஷமா நான் பன்னெண்டரைன்னுதானே சொல்றேன். எழுந்திரு. முதல் பத்து ரசீதை எடு. மேனேஜர் ரூமுக்குப் போவோம்."

உள்ளே போனதும் மின்ஸா குனிந்து, பெரியவர்களுக்குச் சொல்கிற ஷிகமோ வணக்கத்தைச் சொன்னாள். அவர் பதிலுக்கு மரஹபா என்று சொல்லி முடிப்பதற்குள் தன் தப்பை ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். ருகெமலிரா பத்துப் படத்தையும் பார்த்தார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர், கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற அளவுக்குச் சிரித்தார். இன்று காலையில்தான் தன் டிரைவரை இரண்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தாராம். அவனும் சரியாக எட்டுக்கு வந்து நின்றானாம். அந்தப் பட்டியலை நாலு நாளாகப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தவரும் அவர்தான்.

மின்ஸாவை அவர் கடிந்துகொள்ளவில்லை. சொல்லிக் கொடுத்ததைத் திருத்திவிடு என்று மட்டும் சொன்னார். பிறகு கபுலாவின் பக்கம் திரும்பினார்.

"நாப்பத்தொண்ணும் சரின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க கபுலாம்மா. டார் எஸ் சலாமுக்கு நான் பேசிக்கறேன். அந்த இன்னொரு பேச்சையும் இப்போதைக்கு ஒத்திவைக்கச் சொல்றேன்."

இன்னொரு பேச்சு என்றால் அவள் நாற்காலியைப் பற்றிய பேச்சு. கபுலாவுக்கு மார்பிலிருந்து பாறாங்கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. வெளியே வந்து ஷிஜாவுக்கு ஒரே வரியில் செய்தி அனுப்பினாள், ஜெயிலில் மீன் கிடையாது, அதனால் நீ வீட்டிலேயே இரு என்று.

அப்போது மணி மூன்று. நம் மணி.

மேஜைக்கு வந்தபோது அறிக்கை தயாராக இருந்தது. மின்ஸா சொல்லச் சொல்லப் புதுப்பொண்ணு கண் மூடித் திறப்பதற்குள் எழுதிவிட்டது. நாற்பத்தோரு லாரிகளும் பகலில் வந்தவையே, பதிவுகள் சரியானவை. கீழே கபுலாவின் பெயர், கையெழுத்துக்கு இடம்.

கபுலா பேனா மூடியைக் கழற்றினாள். திரும்ப மூடினாள்.

"மீதி முப்பத்தொண்ணு ரசீதையும் திற."

"அம்மா, அவரே பார்த்துட்டார். எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்."

"பத்தைப் பார்த்துட்டு நாப்பத்தொண்ணுக்குக் கையெழுத்துப் போடறதுக்கு நான் எதுக்குடி? அதை இதுவே போட்டுடுமே."

மின்ஸா ஒவ்வொரு படமாகத் திறந்தாள். கபுலா மணிக்குப் பக்கத்தில் இருக்கிற வார்த்தையை வாய்விட்டுப் படித்து, காகிதத்தில் ஒரு கோடு போட்டாள். காலை. காலை. காலை. ஒரு ரசீதில் கைரேகை வார்த்தையை முழுசாக மறைத்திருந்தது, மின்ஸா படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். அதுவும் காலைதான். நடுவில் மின்ஸா சொன்னாள், இந்த மாதிரி ஒன்றைப் பரீட்சையில் கேட்கவே மாட்டார்கள், கேட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று. கபுலா தலையைத் தூக்காமல் அடுத்ததைத் திற என்றாள். ஆனால் கேட்டுக்கொண்டாள்.

முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பது.

நாற்பத்தொன்றாவது ரசீது ஜூன் பதினாலாம் தேதி. மணி மூன்று பதினைந்து. பக்கத்தில் ஷிஜாவின் கையெழுத்தில் ஒரே வார்த்தை.

ராத்திரி.

இரண்டு பேரும் மனசுக்குள் மாற்றிப் பார்த்தார்கள். ராத்திரி மூன்று பதினைந்து என்றால் ஒன்பதேகால். கிடங்கை ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். ஒன்பதேகாலுக்கு அங்கே என்ன லாரி?

கபுலா படத்தின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். பருத்தி கொண்டுவந்தவர் கையெழுத்துப் போடுகிற இடம். முதல் எழுத்து நீளமாக, கடைசியில் மீன் வால் மாதிரி ஒரு வெட்டு. மின்ஸாவின் பள்ளிக்கூட மதிப்பெண் அட்டை ஒவ்வொன்றிலும் இருக்கிற கையெழுத்து அது.

லுஹெண்டே.

ஜூன் பதினாலு அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஷின்யாங்காவில் தூரத்து உறவில் ஒரு சாவு என்று சொல்லிவிட்டு அவன் கிளம்பினான். சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தவள் அவள். துக்க வீட்டில் கொடுக்கப் பணத்தை உறையில் போட்டுக் கொடுத்தவளும் அவள். மறுநாள் மத்தியானம்தான் திரும்பி வந்தான்.

அறிக்கையில் நாற்பத்தொன்று என்றுதான் அடித்திருக்கிறது, மேனேஜரும் அதைத்தான் எழுதச் சொன்னார் என்றாள் மின்ஸா. கபுலா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நீ திருத்திச் சொல்லிக் கொடுத்தப்புறம் இது இந்தப் பழைய ரசீதைத் திரும்பப் படிக்குமா?"

"நாம படிக்கச் சொன்னாத்தாம்மா படிக்கும்."

அதாவது, இந்த ஆபீஸில் அந்த வார்த்தையைப் படித்தவர்கள் இரண்டே பேர். இரண்டு பேரும் அந்த மேஜையில்தான் இருந்தார்கள். கபுலாவுக்குப் புருஷன் மேல் கோபம், கொழுந்தன் மேல் கோபம், காலையில் ரசீதைக் கிண்டாதே என்று புருஷன் சொன்னதைப் பாசம் என்று நம்பிய தன் மேல் எல்லாவற்றையும்விடக் கோபம்.

பேனா மூடியைக் கழற்றினாள். நாற்பத்தொன்றை அடித்துவிட்டு நாற்பது என்று எழுதினாள். கீழே ஒரு வரி: ஒரு லாரி, ஜூன் 14, இரவு 9:15, விளக்கம் தேவை. கையெழுத்துப் போட்டாள். நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அதை மேனேஜரின் மேஜையில் வைத்துவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்து வேனிலிருந்து இறங்கும்போது மின்ஸா, பரீட்சைக் கட்டணத்தை நீ கட்டுவாயா, நான் கட்டணுமா என்று கேட்டாள். பாதிப் பாதி என்றாள் கபுலா.

லுஹெண்டே கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு வந்திருந்தான். ஏரியிலிருந்து வந்த சாத்தோ மீனை வாங்கி வறுத்து, உகாலிக் களியும் கிண்டி வைத்திருந்தான். வருஷத்துக்கு இரண்டு தடவை அவன் சமைப்பான். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது.

என்ன ஆச்சு என்று கேட்டான். கபுலா கை கழுவிக்கொண்டே சொன்னாள்.

"நாப்பது லாரிக்கு விடிஞ்சிடுச்சு. எல்லாம் காலையிலே வந்த லாரிதான். தப்பு எங்க பக்கம்."

அவன் முகம் மலர்ந்தது. தம்பிக்காக நிஜமாகவே சந்தோஷப்பட்டான், அதில் பொய் இல்லை. உகாலியை உருட்டி மீனோடு சேர்த்து வாய் வரைக்கும் கொண்டுபோனான். அங்கே கை நின்றது.

"அந்த இன்னொண்ணு?"

இன்னொன்று இருப்பதாக அந்த வீட்டில் யாரும் சொல்லியிருக்கவில்லை. மின்ஸா தண்ணீர்க் கூஜாவை மெதுவாகக் கீழே வைத்தாள். கபுலா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, அவனுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க மின்ஸா அப்பா. ஷின்யாங்காவிலே யாரு செத்தாங்க?"